பழைய லென்சும் புதிய காமிராவும்

மாணவ நண்பர்களே, வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும் மனிதன் கையாண்ட கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஒரு கருவி மாறும்போது அதனோடு தொழில்கள் மாறுகின்றன. சில ஊர்கள் செழிக்கின்றன, சில ஊர்கள் பொலிவிழக்கின்றன. மக்கள் பாடுபட்டுச் சேர்த்த பொருள்களின் மதிப்பும் மாறிவிடுகின்றது. பிலிமில் படம் எடுத்து வந்த உலகம் டிஜிட்டல் முறைக்கு மாறிய வரலாறு அத்தகையது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குள் அம்மாற்றம் நிகழ்ந்தது. கடைகளில் பிலிம் அருகியது, இருட்டறைகள் பூட்டப்பட்டன, பிலிம் காமிராக்கள் அலமாரிக்குள் அடங்கின. ஆனால் ஒரு பொருள் மட்டும் பலருடைய கையைவிட்டு நீங்கவில்லை. அதுவே லென்ஸ். அது எவ்வாறு நிலைத்தது, எங்கே நிலைக்க முடியாமல் தடுமாறியது என்பன பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

முதலில் காமிரா என்பது யாது என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நான் பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். ஒளியியல் பாடம் தொடங்கும் நாளில் வகுப்பறைக் கதவுகளைச் சாத்தச் சொல்லி, ஒரே ஒரு சன்னலை மட்டும் திறந்து வைப்பேன். எதிர்ச் சுவரின் அருகே ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து, முன்னும் பின்னுமாக நகர்த்துவேன். ஓரிடத்தில், சன்னலும் அதற்கப்பால் உள்ள வேப்பமரமும் தலைகீழாகச் சுவரில் தோன்றும். மாணவர்கள் வியந்து பார்ப்பர். பிறகு சுவருக்குப் பதிலாக வெள்ளைத் தாளைப் பிடிப்பேன். அதன் பின் ஒரு மாணவனின் சட்டை முதுகைத் திரையாக்குவேன். பிம்பம் எல்லாவற்றின் மீதும் ஒன்றுபோலவே விழும். பின்னால் இருப்பது சுவரா, தாளா, சட்டையா என்று லென்ஸ் கேட்பதில்லை. பிம்பத்தை உண்டாக்குவது ஒரு வேலை. அதைப் பதிந்து காப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை உணர்ந்துகொண்டால், இன்றைய பேச்சின் பாதி விளங்கிவிடும்.

புகைப்படக்கலையின் வரலாற்றை நோக்கினால், பதியும் பரப்பு ஒரு முறையன்று, பல முறை மாறியுள்ளமை புலனாகும். 1839இல் பாரிஸ் நகரில் டாகேர் என்பாரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அவர் படம் பதித்தார். அக்காலத்து லென்சுகள் மங்கலானவை. ஆகவே படம் பதிய நெடுநேரம் ஆயிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1840இல், வியன்னா நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், மனித முகத்தைப் படமெடுப்பதற்கெனக் கணக்கிட்டு ஒரு லென்ஸை வகுத்தார். அது முன்னைய லென்சுகளைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடித் தகட்டில் ஈரக் கலவை பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். செப்புத் தகடு மறைந்தது. ஆனால் பெட்ஸ்வால் லென்ஸ் மறையவில்லை. ஈரத் தகட்டின் முன்னும் அது பணியாற்றியது. பிறகு உலர் தகடு வந்தது. 1889இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் செல்லுலாய்டுச் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏடு மாறிக்கொண்டே இருந்தது. எழுத்தாணி மட்டும் கைமாறி வந்தது என்றே சொல்லலாம். டிஜிட்டல் மாற்றம் இந்த நெடுவரிசையில் மற்றோர் ஏடு மாற்றமே.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை சற்றே சிக்கலாயிற்று. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்நாக் என்பவர் சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மி.மீ. பிலிமைக் கொண்டு கைக்கடக்கமான காமிரா ஒன்றை உருவாக்கினார். 1925இல் லைக்கா என்னும் பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. அதன் படச்சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. இவ்விரு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவை நமக்கு வேண்டியிருக்கும். விரைவில் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. தொலைவிலுள்ளதை எடுக்க ஒரு லென்ஸ், அகன்ற காட்சிக்கு ஒரு லென்ஸ், முகத்துக்கு ஒரு லென்ஸ் என்று புகைப்படக்காரர் சேர்க்கத் தொடங்கினர். காமிரா ஒன்று, லென்ஸ் நான்கு என்ற நிலையில், செல்வம் முழுவதும் லென்சுகளிலேயே முடங்கியது. லென்ஸைக் காமிராவில் பூட்டும் வாய்ப்பகுதிக்கு மவுண்ட் என்று பெயர். அந்த மவுண்டை ஒரு நிறுவனம் மாற்றினால், வாங்கியவரின் செல்வம் ஒரே நாளில் பயனற்றுப்போகும்.

இதனை உணர்ந்து நடந்த நிறுவனங்கள் உண்டு. லைக்காவின் பழைய லென்சுகள் மரையால் முடுக்கப்படுபவை. அவற்றின் வாய்க்கும் பிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ. தொலைவு இருந்தது. 1954இல் அந்நிறுவனம் புதிய மவுண்டை வகுத்தபோது, அத்தொலைவை 27.8 மி.மீ. ஆக்கியது. ஏன் சரியாக 1 மி.மீ. குறைவு? அந்த இடைவெளியில் 1 மி.மீ. கனமுள்ள வளையம் ஒன்றைச் செருகினால், பழைய லென்ஸ் புதிய காமிராவில் பிசகின்றிப் பொருந்தும். 1930களில் வாங்கிய லென்ஸை, 2006இல் வெளிவந்த லைக்காவின் எம்8 என்னும் டிஜிட்டல் காமிராவிலும் இவ்வாறே பொருத்தலாம். பிற்காலத்தை எண்ணிச் செய்த வேலைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஜப்பானில் நிக்கான் நிறுவனமும் 1959இல் எஃப் என்னும் காமிராவுக்கு வகுத்த மவுண்டை மாற்றாமல் காத்து வந்தது.

இனி டிஜிட்டல் முறையின் பிறப்பைப் பார்ப்போம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் சி.சி.டி. என்னும் சிலிக்கன் சில்லைக் கண்டுபிடித்தனர். அதற்காக அவர்கள் 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அந்தச் சில்லில் நுண்ணிய அறைகள் வரிசை வரிசையாக உள்ளன. ஒளி பட்ட இடத்தில் எலக்ட்ரான்கள் விடுபட்டு அவ்வறைகளில் சேர்கின்றன. மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசையாகக் குடங்களை வைத்து, பிறகு ஒவ்வொரு குடத்து நீரையும் அளந்து கணக்கெழுதுவது போன்றது அது. அளந்த எண்களே படம் ஆகின்றன.

1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர், கையில் தூக்கிச் செல்லத்தக்க டிஜிட்டல் காமிரா ஒன்றை முதன்முதலில் செய்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. படத்தில் இருந்த புள்ளிகள் 100க்கு 100, அதாவது 10,000 மட்டுமே. ஒரு படம் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இக்கருவியில் அவர் வைத்த லென்ஸ் எது தெரியுமா? கோடக்கின் சூப்பர் 8 சினிமாக் காமிராவுக்கு உரிய லென்ஸ்! ஆகவே, பிலிம் லென்ஸை டிஜிட்டல் காமிராவில் பயன்படுத்துவது பிற்காலத்தார் கண்ட சிக்கன வழி அன்று. டிஜிட்டல் புகைப்படத்தின் முதல் பார்வையே பிலிம் லென்ஸின் வழியாகக் கிடைத்ததுதான்.

1991இல் கோடக் நிறுவனம் செய்தித்தாள்களின் புகைப்படக்காரர்களுக்காக ஒரு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடல் நிக்கானின் எஃப்3 பிலிம் காமிரா. உள்ளே 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சில்லு. தோளில் தொங்கும் பெட்டியில் தட்டு நினைவகம். நிக்கான் லென்ஸ் வைத்திருந்தவர் அதையே இதில் பூட்டினார். 1999இல் நிக்கான் தானே டி1 என்னும் காமிராவை வெளியிட்டது. 27 லட்சம் புள்ளிகள் கொண்ட அதன் விலை 6,000 டாலருக்குக் கீழே இருந்தது. 40 ஆண்டுக்கு முன் வகுத்த அதே மவுண்ட் அதன் முகத்தில் இருந்தது. ஒரு பத்திரிகை அலுவலகம் பிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மாறும்போது, காமிராவுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். பல்லாண்டுகளாகச் சேர்த்த லென்சுகளை மீண்டும் வாங்க வேண்டியதில்லை. மாற்றம் விரைந்து நடந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம் ஆகும்.

கேனன் நிறுவனத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஆனால் அதனினும் சுவையானது. 1987இல் அது தன் பழைய எஃப்.டி. மவுண்டைக் கைவிட்டு, மின்தொடர்பு மட்டுமே கொண்ட புதிய மவுண்டை வகுத்தது. பழைய லென்சுகளில் வாய்க்கும் பிலிமுக்கும் உள்ள தொலைவு 42 மி.மீ.; புதியதில் 44 மி.மீ. பூதக்கண்ணாடியைச் சுவரிலிருந்து சற்று விலக்கினால் தொலைவிலுள்ள மரம் மங்கி, அருகிலுள்ள சன்னல் தெளிவதைக் காணலாம். அதுபோல், 2 மி.மீ. விலகிய பழைய லென்ஸ் புதிய காமிராவில் தொலைக் காட்சியைத் தெளிவாகக் காட்டாது. எஃப்.டி. லென்ஸ் வைத்திருந்தோர் மனம் வருந்தினர். ஆயினும் அம்முடிவு வேறொரு வகையில் பலன் தந்தது. புதிய மவுண்டில் குவிப்பும் துளைக் கட்டுப்பாடும் மின்சாரத்தால் நடந்தமையால், டிஜிட்டல் காலம் வந்தபோது கேனன் எதையும் மாற்ற நேரவில்லை. 1987க்குப் பின் வாங்கிய லென்சுகள் அனைத்தும் அதன் டிஜிட்டல் காமிராக்களில் இயங்கின. காத்தவரும் பயன் பெற்றனர். தக்க காலத்தில் துணிந்து மாற்றியவரும் பயன் பெற்றனர். இரண்டுக்கும் விலை உண்டு; அவ்விலையை யார் கொடுக்கின்றனர் என்பதே கேள்வி.

பழைய லென்ஸ் பொருந்திவிட்டால் எல்லாம் முடிந்ததோ எனின், இல்லை. தொடக்ககால டிஜிட்டல் சில்லுகள் பிலிமின் சட்டத்தைவிடச் சிறியவை. பலவற்றில் அகலம் 36 மி.மீ.க்குப் பதிலாக ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 50 மி.மீ. குவிதூரமுள்ள லென்ஸை வைத்துக்கொண்டு 5 மீட்டர் தொலைவில் நிற்கின்றீர்கள். பிலிமில் பதியும் காட்சியின் அகலம் 5 மீட்டரை 36ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தது, அதாவது 3.6 மீட்டர். சிறிய சில்லில் பதிவது 2.4 மீட்டர். பிலிமில் ஒரு வகுப்பின் முன்வரிசை முழுதும் அடங்கிய இடத்தில் நின்று எடுத்தால், இரு ஓரங்களிலும் உள்ள மாணவர்கள் வெட்டுப்படுவர். முழு வரிசையும் வேண்டுமாயின் 7.5 மீட்டர் தொலைவுக்குப் பின்வாங்க வேண்டும். நான் என் பழைய 50 மி.மீ. லென்ஸை இத்தகைய காமிராவில் முதன்முதல் பூட்டியபோது, பள்ளி ஆண்டுவிழாவில் சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்வாங்கியது நினைவிருக்கிறது. வடிவொத்த முக்கோணங்கள் தேர்வுத் தாளில் மட்டும் இருப்பவை அல்ல என்பதை அன்று மாணவர்களுக்கு எளிதாக விளக்க முடிந்தது. பிலிம் அளவே உள்ள சில்லுடன் கேனன் 2002இலும் நிக்கான் 2007இலும் காமிராக்களை வெளியிட்ட பின்னரே, பழைய லென்சுகள் தம் முழுப் பார்வையை மீண்டும் பெற்றன.

வேறு இடர்களும் இருந்தன. பிலிமின் மேல் ஒளி சாய்வாக விழுந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். சிலிக்கன் சில்லின் அறைகளோ ஆழமானவை. சாய்வாக வரும் ஒளி, ஓரத்து அறைகளின் அடியை எட்டுவதில்லை. சாய்ந்து பெய்யும் மழையில், குறுகிய கழுத்துடைய குடம் நிறையாததுபோல என்க. ஆகையால் அகன்ற காட்சிக்குரிய சில பழைய லென்சுகளில் படத்தின் ஓரங்கள் இருண்டன. மேலும், சில்லின் முகம் கண்ணாடிபோல் பளபளப்பது. அதிலிருந்து மீளும் ஒளி லென்ஸின் பின்புறத்தில் பட்டுத் திரும்பிவந்து படத்தை வெளிறச் செய்வதும் உண்டு. நிக்கானிலும் 1977க்கு முற்பட்ட லென்சுகளின் வளையத்தைச் சிறிது செதுக்கினாலன்றி அவை பல காமிராக்களில் பழுதின்றிப் பொருந்தா. விலை குறைந்த சில காமிராக்களில் பழைய லென்ஸைப் பூட்டலாம். ஆனால் ஒளிமானி இயங்காது. பயனாளரே ஒளியை மதிப்பிட்டு, கையால் குவித்து எடுக்க வேண்டும்.

2008க்குப் பிறகு மற்றொரு திருப்பம் நேர்ந்தது. அதுவரை சிறந்த காமிராக்களில் லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்றது. அது எழுந்து விழ இடம் வேண்டுமாதலால், 42 முதல் 47 மி.மீ. வரை இடைவெளி விடப்பட்டது. 2008இல் பானாசானிக் நிறுவனம் அக்கண்ணாடியே இல்லாத, லென்ஸை மாற்றத்தக்க காமிராவைக் கொண்டுவந்தது. சோனி 2010இல் வெளியிட்ட மவுண்டில் இடைவெளி 18 மி.மீ. மட்டுமே. இடைவெளி குறைந்ததால், நடுவே வெற்று உலோக வளையம் ஒன்றை வைத்து எந்தப் பழைய லென்ஸையும் அதற்குரிய தொலைவில் நிறுத்த முடிந்தது. 2018இல் கேனனும் 20 மி.மீ. இடைவெளியுள்ள புதிய மவுண்டுக்கு மாறியது. 1987இல் வெறும் 2 மி.மீ. வேற்றுமையால் கைவிடப்பட்ட எஃப்.டி. லென்சுகள், 31 ஆண்டுகளுக்குப் பின் 22 மி.மீ. வளையம் ஒன்றின் உதவியால் கேனன் காமிராவிலேயே மீண்டும் கண் திறந்தன.

ஆனால் நண்பர்களே, லென்ஸ் பிழைத்ததைச் சொல்லும்போது, பிழைக்காதவற்றையும் சொல்லுதல் வரலாற்றாசிரியனின் கடமை. சாசனின் கருவியை 1975இலேயே தன் கூடத்தில் கண்ட கோடக் நிறுவனம், பிலிம் விற்பனையையே பெரிதும் நம்பியிருந்தது. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 1935இல் தோன்றிய கோடக்ரோம் வண்ணப் பிலிமின் தயாரிப்பு 2009இல் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும், உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை 1960இல் நிறுவப்பட்டு, ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் படத்தாளும் செய்து வந்தது. அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் ஆயிற்று. நாட்டு மக்கள் வண்ணப் பிலிமுக்கு மாறியதும், வெளிநாட்டுப் பிலிமின் போட்டியும், இறுதியில் டிஜிட்டல் முறையும் அதனை மெலியச் செய்தன; பின்னர் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. லென்ஸை வைத்திருந்தவர் ஒரு வளையம் வாங்கிப் புதுக்காலத்துக்குள் நுழைந்தார். இருட்டில் நின்று பிலிமுக்கு மருந்து பூசக் கற்ற தொழிலாளியின் கைத்திறனைப் புதிய காமிராவில் பூட்டுவதற்கு எவரும் வளையம் செய்யவில்லை. மாணவர்கள் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். எந்த மாற்றத்திலும் பொருளைக் காக்கும் வழியைத் தேடும் நாம், அப்பொருளைச் செய்த மனிதரைக் காக்கும் வழியையும் உடன் தேடுகிறோமா?

பழைய லென்ஸ் செய்யத்தக்க அரும்பணி ஒன்றையும் குறிப்பிடுவேன். பல பள்ளிகளிலும் வீடுகளிலும் நெகட்டிவ்கள் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. ஈரக்காற்றில் அவற்றின் மேல் பூசணம் படர்கின்றது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓய்வு பெற்ற பின் நான் சில நூறு நெகட்டிவ்களைப் படியெடுத்தேன். கீழே வெண்ணிற விளக்குப் பலகை, அதன்மேல் நெகட்டிவ், மேலே டிஜிட்டல் காமிராவில் பிலிம் காலத்து 55 மி.மீ. மைக்ரோ லென்ஸ். அந்த லென்ஸ் தனியே பொருளின் பாதி அளவு பிம்பமே தரும், 36 மி.மீ. நெகட்டிவ் 24 மி.மீ. சில்லை நிரப்ப மூன்றில் இரண்டு பங்கு அளவு வேண்டுமாதலால், இடையே ஒரு நீட்டு வளையம் செருகினேன். கணினியில் கருமையும் வெண்மையும் இடம் மாறியதும், 1970களின் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள் வரிசையாக எழுந்து நின்றனர். அவர்களுள் சிலருடைய பேரப்பிள்ளைகள் இன்று உங்களைப்போல் கல்லூரியில் பயிலலாம். ஆனால் டிஜிட்டல் கோப்பும் தானாக நிலைத்து நிற்பதன்று. இரண்டு மூன்று இடங்களில் படி வைத்து, காலந்தோறும் புதிய கருவிக்கு மாற்றிக் காக்க வேண்டும். ஆகவே மூல நெகட்டிவ்களையும் எறியாது, உலர்ந்த இடத்தில் உறையிலிட்டு வைத்தேன்.

உங்கள் வீட்டில் பழைய காமிரா ஒன்று இருக்குமாயின், அதனை எடைக்குப் போடுமுன் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோன்ற பூசணம் உள்ளே இல்லையெனில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். எந்த மவுண்ட் என்று கண்டறிந்தால் அதற்குரிய வளையம் கிடைக்கலாம். கையால் குவித்துப் படமெடுக்கும்போது, எதனைத் தெளிவாகக் காட்டுவது என்னும் முடிவைக் கருவி எடுப்பதில்லை, நீங்கள் எடுக்கின்றீர்கள். அம்முடிவை எடுக்கப் பழகுவதே கலையின் முதற்படி.

புதியதைக் கண்டு அஞ்சுவோர் பழையது முழுவதையும் கட்டிக்கொண்டு அழுகின்றனர். புதியதில் மயங்குவோர் பழையது முழுவதையும் வீசிவிடுகின்றனர். கருவிகளின் வரலாறு இவ்விரு வழிகளையும் காட்டவில்லை. ஒரு கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நோக்கி, எந்தப் பகுதியின் வேலை முடிந்தது, எதன் வேலை இன்னும் முடியவில்லை என்று ஆராயும்படி அது நமக்குக் கற்பிக்கின்றது. செப்புத் தகட்டின் வேலை முடிந்தது. பெரும்பாலோர்க்குப் பிலிமின் வேலையும் முடிந்தது. ஒளியை ஒழுங்காகக் குவிக்கும் கண்ணாடியின் வேலை, மனிதன் உலகைப் பார்க்க விரும்பும் காலம்வரை முடிவதில்லை.